வெள்ளிக்கிழமை விளக்கு நேரத்தில் சொன்ன சுகம்

அனுப்புநர்:
ராஜினி ஜெயந்திரன்,
பிரிக்ஃபீல்ட்ஸ், கோலாலம்பூர்.

பெறுநர்:
தலைவர்,
சுகாதாரத் தொழில்நுட்ப மதிப்பீட்டுக் குழு,
மக்கள் நலக் காப்புறுதி வாரியம், கோலாலம்பூர்.

பொருள்: சர்க்கரை அளவு காட்டும் கருவியைப் புதிய தேசியக் காப்புறுதியில் சேர்க்க மறுத்த முடிவை மறுபரிசீலனை செய்யக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் கணவர் ஜெயந்திரன் இன்சுலின் போட்டுக்கொள்பவர். அவருக்குச் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடும். மயங்கி விழும்வரை அவருக்கே தெரியாது. தங்கள் சோதனைத் திட்டத்தில் அவருடைய கையில் ஒரு சிறு கருவி ஒட்டப்பட்டது. சர்க்கரை இறங்கத் தொடங்கியதுமே கைப்பேசி அலறும். அவர் ஒரு மிட்டாயை வாயில் போட்டுக்கொள்வார். மிட்டாய் தின்ன அரசாங்க அனுமதி கிடைத்ததில் மனிதருக்குத் தலைகால் புரியவில்லை.

2. இக்கருவியால் நோயாளிகளின் அன்றாட வாழ்வில் முன்னேற்றம் எதுவும் இல்லை என்று தங்கள் குழு முடிவு செய்துள்ளது. ஆகவே காப்புறுதி இதற்குப் பணம் தராதாம். மாத இறுதியில் கருவியைத் திருப்பித் தர வேண்டுமாம். எங்கள் ஓய்வூதியத்தில் அதை வாங்க வழியில்லை.

3. பிழை எங்கே புகுந்தது என்பதை நான் நேரில் பார்த்தேன். கருவி ஒட்டுமுன் நலம் விசாரிக்கத் தங்கள் அலுவலர் முகமது ரஃபீக் வந்தார். தங்கமான பிள்ளை. ஆனால் வந்தது வெள்ளிக்கிழமை, விளக்கு வைத்த நேரம். அந்த நேரத்தில் நோய், மயக்கம் என்று எங்கள் வீட்டில் யாரும் வாய் திறக்க மாட்டோம். அதற்கு முந்தின நாள்தான் குளியலறையில் மயங்கி விழுந்திருந்த என் கணவர், நெற்றியில் பிளாஸ்திரியோடு உட்கார்ந்து, "ஒண்டும் இல்லை தம்பி, எல்லாம் ஓகே லா" என்றார். ரஃபீக் அப்படியே பதிந்துகொண்டார்.

4. கருவி ஒட்டிய பிறகு மறுபடியும் வந்தார். மறுபடியும் வெள்ளிக்கிழமை மாலை. முன்பும் சுகம், பின்பும் சுகம். ஆகவே முன்னேற்றம் பூஜ்யம். தங்கள் கணக்கில் குற்றமில்லை, ஐயா. கிள்ளானில் இதே கருவியைப் போட்டிருக்கும் என் தோழி வள்ளியம்மாளிடமும் விசாரித்தேன். அங்கும் வெள்ளிக்கிழமை மாலையில்தான் கேட்டார்களாம். "வெளக்கு எரியறப்போ சீக்குன்னு எப்படிக்கா சொல்றது?" என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

5. எனவே, முன்பு எப்படி, இப்போது எப்படி என்று இரண்டையும் விசாரிக்க, ரஃபீக்கை ஒரு புதன்கிழமை காலையில் மறுபடி அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன். தமிழ் வீடுகள் எல்லாவற்றுக்கும் அப்படியே செய்தால் இன்னும் நல்லது. அதுவரை கருவி என் கணவர் கையிலேயே இருக்கட்டும்.

6. அவரைக் கேட்டபின் என்னையும் தனியாகக் கேளுங்கள். முன்பெல்லாம் அவர் காய்கறி வாங்கப் பாசாருக்குப் போனால், திரும்பி வரும்வரை வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு தெருவையே பார்த்து நிற்பேன். எனக்குப் பயம், ஐயா. இப்போது அவர் போனதும் உள்ளே வந்து உட்கார்ந்து, தேநீரைச் சூடாகவே குடிக்கிறேன். நோயாளியின் மனைவி எப்படி இருக்கிறாள் என்று தங்கள் கேள்விகளில் ஒன்றுகூட இல்லை. அதையும் மதிப்பீட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
ராஜினி ஜெயந்திரன்

இடம்: பிரிக்ஃபீல்ட்ஸ்
நாள்: 12.3.2026