உப்பு குடித்த கறிவேப்பிலை

14.6.2009, ஞாயிறு. கடலூர்

அத்தை ஆசையாகக் கொடுத்த கறிவேப்பிலைச் செடி பத்து நாளாக மஞ்சளாகிக்கொண்டே வந்தது. உரம் வைத்தும் இலை நுனி கருகியதுதான் மிச்சம். பாப்பாவுக்குப் பிறந்தவுடன் வந்த மஞ்சள் காமாலை ஞாபகம் வந்து, அவள் கண்ணையும் தினம் வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்று மீன்கார அக்கா தொட்டியைப் பார்த்து நின்றுவிட்டார்.

"இதுக்கு என்னம்மா ஊத்துற?"

"மீன் கழுவுன தண்ணிதாங்க்கா. நல்லதுன்னாங்களே."

"நல்லதுதான். உப்பு எவ்ளோ போட்டுக் கழுவுற?"

"ரெண்டு கை. கொழந்த சாப்புடுதுல்ல."

"உப்பு போடறதுக்கு முன்னாடி அலசுற தண்ணியதான் ஊத்தணும். நீ செடியக் கருவாடு போட்டுக்கிட்டு இருக்க."

எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. மேல்மண்ணை மாற்றி, தொட்டியின் அடி ஓட்டையைக் குத்திவிட்டு, ஐந்து குடம் நல்ல தண்ணீர் ஊற்றி உப்பை வடியவிட்டேன். தண்டு இன்னும் பச்சையாகத்தான் இருக்கிறது. பிழைத்துவிடும் என்றுதான் நினைக்கிறேன்.

சாயங்காலம் அத்தை போனில், "கருவேப்பில எப்டி இருக்கு?" என்றார்.

"இப்பதான் குளிப்பாட்டுனேன் அத்தை."

"தல துவட்டுனியா?" என்றார். நான் செடிக்கு உப்புத் தண்ணீர் ஊற்றியது அவருக்குத் தெரிந்துவிட்டதா, இல்லையா என்று இந்த நிமிஷம் வரை எனக்குப் புரியவில்லை.