ஆடு, ஆட

செவ்வாய் இரவு, திருப்பதி

கண்ணை மூடினால் கேட்டில் நிற்கும் ஆட்டு வண்டிதான் தெரிகிறது.

எங்கள் இறைச்சி ஆலையில் டேட்டா பயிற்சி கொடுத்தவர்கள், ஒரே சொல்லை ஆளுக்கொரு விதமாக அடித்திருந்தால் ஒன்றாக்கச் சொன்னார்கள். 'ரகம்' என்ற கட்டத்தில் பலர் ஆங்கில எழுத்தில் 'ஆட' என்று அடித்திருந்தார்கள். தெலுங்கில் அது பெட்டை. சத்தியவேட்டில் கொள்முதல் பார்க்கும் செல்வம் எல்லாவற்றுக்கும் 'ஆடு' என்று அடித்திருந்தான். எழுத்துப்பிழை என்று நினைத்து அத்தனையையும் 'ஆட' ஆக்கினேன்.

காலை மீட்டிங்கில், அதை வைத்து ஊர்வாரியாக நான் போட்ட வரைபடத்தைப் பார்த்ததும் மேனேஜர் தெலுங்கில் கத்தினார். சத்தியவேட்டிலிருந்து வருவதெல்லாம் பெட்டையா, சினையாட்டை வெட்டினால் லைசென்ஸ் என்னாவது என்றார். அந்த ஊர்ச் சரக்கையே நிறுத்திவிட்டார்.

மாலையில் செல்வம் போன் செய்தான்.

"அக்கா, வண்டிய உள்ள வுட மாட்றாங்க. ஆடுங்க மூச்சு வாங்கிக்கினு கீது. எல்லாமே கிடாதான்கா!"

"நீதானே 'ஆட'ன்னு போட்டே?"

"'ஆடு'ன்னு போட்டேன்கா. ஆட்ட வேற என்னான்னு சொல்றது?"

நானும் அவனைப் போல வீட்டில் தமிழ் பேசும் நகரி ஊர்க்காரிதான். எனக்கு ஏன் தோன்றவில்லை?

மேனேஜர் இன்னும் போனை எடுக்கவில்லை. எடுத்தால் தெலுங்கில்தான் விளக்க வேண்டும். நான் ஆடு என்று ஆரம்பித்தாலே அவர் காதில் பெட்டை என்றுதான் விழும்.