இவருடைய கட்டுப்பல்

செவ்வாய்க்கிழமை, இரவு.

இன்று இவருக்குப் புதுக் கட்டுப்பல் கிடைத்தது. பழையது, போருக்குப் பயந்து நாங்கள் வீட்டை விட்டு ஓடியபோது தவறிப்போனது. அதன்பிறகு ஒரு வருடமாகக் கஞ்சிதான். மறதியும் கூடிவிட்டது.

"சப்பாமல் விட்டால் மூளையும் சோருமெண்டு சொல்லுகினம், அம்மா. உங்கட அவர் இனி நல்லாச் சப்பிச் சாப்பிடட்டும்," என்றார் பல் டொக்டர்.

மத்தியானம் பாரைமீன் பொரித்துக் கொடுத்தேன். மெதுவாக மென்றுகொண்டே கேட்டார்.

"இஞ்சேரப்பா, தம்பி இன்னும் வேலையால வரேல்லையோ?"

இவர் தம்பி என்று கூப்பிடும் எங்கள் மகனைச் சோதனைச்சாவடியில் ஆமிக்காரர் பிடித்துக்கொண்டு போனபோது இவரும் பக்கத்தில்தான் நின்றார். அவன் இன்னும் திரும்பவில்லை. அது இப்போது இவருக்கு நினைவில் இல்லை.

"வருவான். நீங்கள் சாப்பிடுங்கோ," என்றேன்.

மென்று சாப்பிட்டு மறதி குறைந்தால் அந்த நாளும் இவருக்குத் திரும்பி வரும். நாளைக்குக் கஞ்சியே காய்ச்சலாம் என்றிருக்கிறேன்.