கோயம்புத்தூர் படம் போட்ட ஏழு கார்டுகள்

அன்பு மகள் நதியாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. மலையில் நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், கோயம்புத்தூரில் நீயும் மாப்பிள்ளையும் பேத்தி பிரியதர்ஷினியும் அப்படியே இருக்க வேண்டும். உன் மூச்சிரைப்பு இந்தப் பனிக்கு எப்படி இருக்கிறது? சாமை அறுத்துக் களத்தில் போட்ட நேரம் பார்த்து மழை பிடித்து ஒரு பங்கு வீணாகிவிட்டது, மீதியில் உனக்கென்று ஒரு மூட்டை கட்டி வைத்திருக்கிறாள் அம்மா. செவலைப் பசு கன்று போட்டிருக்கிறது. போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். சிக்னல் கிடைக்கிற பாறைமேல் எப்போதும் நாலு பேர் நிற்கிறார்கள், இது அவர்கள் காதில் விழக் கூடாத விஷயம்.

பேத்தியின் பள்ளிக்கூடத்தில் பழைய கோயம்புத்தூர் என்று கண்காட்சி வைக்கிறார்கள், தாத்தா அந்தப் படக் கார்டுகளோடு வந்து மில் தொழிலாளியாக இருந்த கதையைப் பேசுவார் என்று டீச்சரிடம் பெயர் கொடுத்துவிட்டதாகச் சொன்னாய். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நதியா, நான் எந்த மில்லிலும் வேலை செய்ததில்லை. கோயம்புத்தூரைக் கண்ணால் பார்த்ததே இல்லை. நீ பிறப்பதற்கு முன்னால், மில்லில் இருந்ததாகச் சொன்ன அந்த இரண்டு வருடமும் நான் இருந்தது வேலூர் ஜெயிலில். சந்தனக் கட்டை தூக்குகிற கூலிக்குப் போய்க் கணியம்பாடிப் பக்கம் மாட்டிக்கொண்டேன். அங்கே என்னோடு இருந்த கோபால்சாமி என்பவர்தான் மில் தொழிலாளி. ஏழு கார்டுகளும் அவருடையவை, அப்போதே பழசு, சாயம் ஏற்றிய படங்கள். இது மணிக்கூண்டு, இது ரயிலடி, இது எங்கள் மில் வாசல், சங்கு ஊதினால் தெருவே எழுந்துகொள்ளும் என்று ஒவ்வொன்றாகக் காட்டிச் சொல்வார். நான் விடுதலையான அன்று எனக்கே கொடுத்துவிட்டார். ஊருக்கு வந்ததும் இத்தனை நாள் எங்கே இருந்தாய் என்று கேட்டவர்களிடம் அவற்றை எடுத்து நீட்டினேன். உன் அம்மாவுக்கு மட்டும் உண்மை தெரியும்.

அத்தோடு நிறுத்தியிருந்தால் என் மானத்தோடு போயிருக்கும். உனக்குப் பதினேழு வயதில், மில்லுக்குப் பெண்பிள்ளைகள் வேண்டுமென்று ஏஜென்ட் மலையேறி வந்தான். எல்லாரும் என்னைப் பார்த்து, “நீ இருந்த ஊராச்சே, இன்னா சொல்ற?” என்றார்கள். தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை, நல்ல ஊர், பயமில்லை என்றேன். “பொண்ணு கிட்டயாவது நெசத்த சொல்லுய்யா, படத்தப் பாத்துட்டா புள்ளய அனுப்புவ?” என்று அம்மா அழுதாள், அவளை அதட்டி அடக்கினேன். நீ கார்டுகளைப் பார்த்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டே துணி மடித்தாய். நீலாவதியையும் அன்பரசியையும் அவர்கள் அப்பன்மார் என் வாயை நம்பித்தான் உன்னோடு அனுப்பினார்கள்.

கோபால்சாமி இருமிக்கொண்டேதான் பேசுவார் நதியா. பஞ்சுத் தூசி நெஞ்சில் இறங்கிவிட்டது தம்பி என்பார். அந்த இருமலை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் உனக்குச் சொன்னேன். பூட்டிய விடுதியிலிருந்து மாதத்தில் ஒரு ஞாயிறு வெளியே விட்டபோது நீ என் மில்லைத் தேடிப் போனாய். யாருக்குமே தெரியலப்பா என்று போனில் சொன்னாய். பேர் மாத்தியிருப்பாங்க என்றேன். கிடைத்த ஒரு நாளையும் என் பொய்யைத் தேடுவதில் கழித்தாயே, அதை நினைத்தால்தான் எனக்கு மனசு ஆறவே மாட்டேன் என்கிறது. அதற்குப் பிறகு எத்தனை முறை வரச் சொன்னாய், மாடு, மழை, முழங்கால் என்று சாக்குச் சொன்னேன். வந்தால் உன் எதிரிலேயே வழி கேட்டு நிற்க வேண்டி வருமே என்ற பயம்தான்.

என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்க எனக்கு முகமில்லை. வர வேண்டாம் என்றால் கார்டுகளைத் தபாலில் அனுப்பிவிடுகிறேன். வரச் சொன்னால் வருகிறேன், பேத்தியிடம் நானே சொல்லிவிடுகிறேன். ஆனால் கண்காட்சியில் நான் பேசமாட்டேன், கார்டுகளைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்கிறேன். நம் வீட்டில் மில்லில் வேலை செய்தவள் நீதான் அம்மா, நீதான் பேச வேண்டும்.

மருந்தை வேளை தவறாமல் இழு. வேடியப்பன் உங்கள் மூவரையும் காப்பாற்றுவான், பேத்திக்கு என் ஆசி. மறந்துவிடாதே, நான் வந்தால் காந்திபுரம் பஸ் ஸ்டாண்டுக்கு நீயே வந்து நில். எனக்கு வழி தெரியாது.

உன் ஊரை இன்னும் பார்க்காத
உன் அப்பா,
தசரதன்