ஆரஞ்சுக்குப் பதில் சிவப்பு

அன்புள்ள பட்டுவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நாங்கள் இரண்டு பேரும் வேளைக்குச் சாப்பிட்டு, ஒருவரையொருவர் குறை சொல்லும் அளவுக்குத் தெம்பாகத்தான் இருக்கிறோம். நீயும் அங்கே சளி இருமல் இல்லாமல் நன்றாக இருக்கிறாய் என்று கேட்டால்தான் எனக்குச் சாப்பாடு இறங்கும். போன வாரம் போனில் உன் குரல் கம்மியிருந்தது, தூசி என்று சமாளித்தாய், எனக்குத் தெரியாதா, தலையைத் துவட்டாமல் வேலைக்கு ஓடியிருப்பாய். ஆறு மாதம் பார்த்துவிட்டுத்தான் வேலையை நிரந்தரமாக்குவார்கள் என்றாய், சரி, அதற்காக மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டு நாற்காலியிலேயே பழியாகக் கிடக்காதே.

உன்னிடம் ஒரு மன்னிப்புக் கேட்க வேண்டும். உன் அறை இப்போது உன் அறையாக இல்லை. அப்பாவின் பழைய ரேடியோ டிரான்ஸ்மிட்டர், அதுதான், கல்யாணமான புதிதில் அதன் முன்னால் உட்கார்ந்துகொண்டு முகம் தெரியாத ஊர்க்காரர்களோடெல்லாம் பேசிக்கொண்டிருப்பாரே என்று நான் சொல்லிச் சொல்லி அலுத்துக்கொள்வேனே, அதைப் பரணிலிருந்து இறக்கிவிட்டார். நீ பிறந்தபோது உன் தொட்டிலுக்கு இடம் வேண்டும் என்று மேலே ஏற்றியது. இறக்க இரண்டு ஆள் வேண்டியிருந்தது, அத்தனை கனம். உன் மேஜைமேல் வைத்து, பெயிண்ட் பிரஷ்ஷால் தூசி தட்டி, கண்ணாடி வால்வு ஒவ்வொன்றையும் கழற்றி என் பழைய பருத்தித் துணியால் துடைத்து, அதற்கு நடந்த உபசாரத்தைப் பார்த்தால் வீட்டுக்கு மாப்பிள்ளை வந்ததுபோல இருந்தது. அதன் மேல்மூடி உன் கட்டிலில்தான் படுத்திருக்கிறது, போர்வை ஒன்றுதான் போர்த்தவில்லை.

கேலி செய்தாலும் எனக்கும் அதில் வேலை இருந்தது. அதற்குள் ஓடுகிற கரண்ட் ஆளைத் தூக்கி எறிந்துவிடுமாம், அதனால் சோதிக்கும்போது இடது கையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வலது கையால் மட்டுமே தொட வேண்டும், இன்னொரு ஆள் மெயின் ஸ்விட்ச் பக்கத்தில் நிற்க வேண்டும், இது அந்தக் காலத்திலிருந்தே அந்த ரேடியோக்காரர்கள் கூட்டத்தின் சட்டம். நான் அவர் வீட்டுச் சட்டையில் முழங்கை வரை போகிற பை ஒன்று தைத்துக் கொடுத்தேன். ஸ்விட்ச் காவலும் நான்தான். பிறகு மெல்ல இன்னொரு வேலையும் சேர்ந்துகொண்டது. ரெசிஸ்டர் என்று அரிசி பருமனில் ஒன்று, அதன்மேல் மயிரிழையாய் நிறக் கோடுகள், அந்த நிறங்களை வைத்துத்தான் அதன் அளவைக் கணக்கிடுவார்களாம். “இது என்ன கலர்னு பாரு” என்பார். நான் முப்பது வருஷம் துணிக்கு நூல் பொருத்தினவள் ஆயிற்றே, செங்கல் நிறம், அதற்குப் பக்கத்தில் வாடின ரோஜா என்பேன். “எங்க உலகத்துல மொத்தமே பத்து கலர்தான், அதுல ஒண்ணைச் சொல்லு” என்று எரிந்து விழுவார். எனக்கு ஒரே சிரிப்பு. நாலு மாதம் இப்படியே போனது, வயசானவருக்குப் பேச்சுத்துணை வேண்டியிருக்கிறது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேனே தவிர வேறெதுவும் என் மரமண்டையில் ஏறவில்லை.

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம் ஒரே ரெசிஸ்டரை மூன்று தடவை கேட்டார். நான் ஏதோ தையல் அவசரத்தில், என்ன உங்களுக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா என்று கேட்டுவிட்டேன் பட்டு. வாய் தவறித்தான். அவர் விளக்கை அணைத்துவிட்டுப் போய்விட்டார். மறுநாள் நான் தைத்த துணிகளைக் கொடுக்கப் பக்கத்துத் தெருவுக்குப் போயிருந்தேன், திரும்பி வந்தால் வாசல் வரை தீய்ந்த நாற்றம். என்னைக் கேட்கக் கூடாது என்ற ரோஷத்தில் தானே ஒரு ரெசிஸ்டரை எடுத்து ஈயம் உருக்கிப் பற்றவைத்து, காவலுக்கு ஆள் இல்லாமல் தானே ஸ்விட்சைப் போட்டிருக்கிறார். அது எரிந்து, பக்கத்து ஒயரெல்லாம் கருகி, அவர் தரையில் உட்கார்ந்திருந்தார். அடி ஒன்றும் இல்லை. ரெசிஸ்டர் விற்ற பழைய சாமான் கடைக்காரர் தப்பான சரக்கைக் கொடுத்து ஏமாற்றிவிட்டார் என்று ஒரே திட்டு.

அவரைக் கட்டிலில் படுக்க வைத்துவிட்டு, ரெசிஸ்டர்களைப் பிரித்துப் போட்டு வைத்திருக்கும் பெட்டியைப் பார்த்தேன். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு அறை, இரண்டில் இருப்பதிலும் முதல் இரண்டு கோடும் சிவப்புத்தான். மூன்றாவது கோடு ஒன்றில் ஆரஞ்சு, ஒன்றில் சிவப்பு. ஆரஞ்சு எடுக்க வேண்டிய இடத்தில் சிவப்பை எடுத்திருக்கிறார், பத்தில் ஒரு பங்கு அளவு, அதுதான் தாங்காமல் எரிந்தது. சரக்கில் தப்பே இல்லை. பூசணிப் பூவும் தக்காளியும் மாதிரி பளிச்சென்று இருக்கிற இரண்டு நிறம் அவருக்கு ஒன்றாகத் தெரிந்திருக்கிறது. அப்போதுதான் ஒவ்வொன்றாகப் புரிந்தது, டீயை டம்ளரில் ஊற்றாமல் தட்டில் ஊற்றியது, எனக்குத் துணையாக வருவதாகச் சொல்லிக்கொண்டு ரோட்டில் என் முழங்கையைப் பிடித்தது, பேப்பரைப் புரட்டிவிட்டு ஒன்றுமில்லை என்று மடித்து வைத்தது. நாலு மாதம் அவருக்குக் கண்ணாக இருந்துகொண்டே அவருக்குக் கண் தெரியவில்லை என்பது தெரியாமல் இருந்திருக்கிறேன். அன்று அடுப்படியில் நின்று அழுதேன்.

கெஞ்சிக் கூத்தாடிக் கண் டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனேன். இடது கண்ணில் நடுப்பார்வை போய்விட்டது, திரும்ப வராது. வலது கண்ணில் இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறது, கண்ணுக்குள்ளேயே ஊசி போட வேண்டும், மாதம் ஒன்றாகச் சில தடவை, போட்டால் இருக்கிறதைக் காப்பாற்றலாம், தள்ளிப்போட்டால் அதுவும் போகும் என்று ஒளிக்காமல் சொல்லிவிட்டார். வருகிற வெள்ளிக்கு அடுத்த வெள்ளி, காலை பத்தரைக்கு நேரம் கொடுத்திருக்கிறார். உன் அப்பா வீட்டுக்கு வந்ததும் முடியாது என்றுவிட்டார். இருக்கிற பார்வையும் ஊசியில் போனால் யார் பொறுப்பு என்கிறார். டிரான்ஸ்மிட்டரைத் துணி போட்டு மூடி, எடைக்குப் போட்டுவிடச் சொல்கிறார். உன்னிடம் மூச்சு விடக் கூடாது, அவள் வேலையை விட்டுவிட்டு ஓடி வந்துவிடுவாள் என்று என்னிடம் சத்தியமும் வாங்கிக்கொண்டார். சத்தியத்தை மீறித்தான் எழுதுகிறேன், பாவம் என்னைச் சேரட்டும்.

ஒளிந்துகொண்டும் எழுதவில்லை, அவருக்கு எதிரிலேயே, அதே மேஜையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். அவரால் படிக்க முடியாது என்கிற தைரியத்தில் எழுதுகிறேன் பட்டு, இதைவிடக் கேவலமான தைரியம் எனக்கு வந்ததே இல்லை.

நீ ஓடி வராதே. உன் வேலை முக்கியம். இந்தக் கடிதம் ஆறு நாளில் கிடைத்துவிடும், கிடைத்ததும் அவரைக் கூப்பிட்டுப் பேசு. கத்தாதே, அழாதே. நான் சொன்னால் தையற்காரி சொல்கிறாள், நீ சொன்னால் வேதவாக்கு, அது இந்த வீட்டில் எப்போதும் உள்ளதுதானே. எரிந்ததற்குப் பதில் சரியான ரெசிஸ்டரை நான் எடுத்து ஒரு காகிதத்தில் ஒட்டி அவர் பக்கத்தில் வைத்தேன். விரலால் தடவிப் பார்த்துவிட்டுச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார், தூக்கி எறியவில்லை. அதனால் எனக்கு இன்னும் நம்பிக்கை இருக்கிறது.

நேரத்துக்குத் தூங்கு. வெளியே போகும்போது காதை மூடிக்கொள். நீ எடுத்த காரியமெல்லாம் கைகூடி, நோய்நொடி இல்லாமல் நீடு வாழ வேண்டும். அப்பாவைக் கூப்பிட மறந்துவிடாதே.

உன் நினைப்பிலேயே இருக்கும்,
அம்மா

கையெழுத்துப் போட்டபிறகு இதைச் சேர்க்கிறேன். நான் பேனாவை மூடியதும் அப்பா, நானும் ரெண்டு வரி எழுதணும், காலி இடம் பார்த்துக் குடு என்றார். கொடுத்தேன். கையால் மறைத்துக்கொண்டு எழுதி, தானே மடித்து, “நீ பிரிக்காதே, அப்படியே கவர்ல போடு” என்றார். உறையில் போடுமுன் பிரித்துப் பார்த்தேன். காலி இடத்தை விட்டுவிட்டு என் எழுத்தின்மேலேயே எழுதியிருக்கிறார், இரண்டும் பின்னிக்கொண்டு கிடக்கிறது, உன்னால் படிக்க முடியாது. என் வரி எனக்குத் தெரியும் என்பதால் அவர் எழுதியதை மட்டும் பிரித்து அப்படியே கீழே எடுத்து எழுதுகிறேன்.

பட்டு, அம்மா எல்லாவற்றையும் எழுதியிருப்பாள், எழுதும்போது மூக்கை உறிஞ்சிக்கொண்டே இருந்தாள். அந்த வெள்ளிக்கிழமை போய் ஊசி போட்டுக்கொள்கிறேன், நீ வர வேண்டாம். காலையில் கிளம்புவதற்கு முன்னால் ஒரு போன் மட்டும் பண்ணு. எனக்கு ரொம்பப் பயமாக இருக்கிறது. இதை அம்மாவிடம் சொல்லாதே.

அப்பா