முடியாத சுயசரிதை

அன்புள்ள அம்மாவுக்கு, குவைத்திலிருந்து நக்வா. நான் நலம். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

முதலாளி அபூ நவ்வாஃப் சொல்லச் சொல்ல, அவருடைய சுயசரிதையைத் தட்டச்சு செய்துவந்தேன் அல்லவா? முத்துக் குளித்தவரின் மகன் எல்லாத் தடைகளையும் உடைத்து முன்னேறிய கதை. போன வாரம் முடிந்தது. ஊருக்கு வர என் பாஸ்போர்ட்டைக் கேட்டேன்.

"புத்தகம் முடியட்டும், தர்றேன்னு தானே மகளே சொன்னேன்?"

"முடிஞ்சிடுச்சே ஐயா."

"நான் இன்னும் உயிரோட இருக்கேனே! அதுக்குள்ள எப்படி முடியும்?" என்று சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன்.

இன்று புது அத்தியாயம். 'என்னை யாராலும் கட்டிப்போட முடியவில்லை' என்று ஆரம்பித்தார். பிழையில்லாமல் அடித்துக் கொடுத்தேன்.

யாராவது வந்தால் காய்ந்த முலூகியாக் கீரை கொடுத்தனுப்புங்கள். தங்கை கல்யாணத்தை எனக்காகத் தள்ளிப்போட வேண்டாம்.

கூப்பிடுகிறார். ஒன்று மட்டும் அம்மா: தொழுகையில் அவருக்கு நீண்ட ஆயுள் கேட்கிறீர்களே, அதைக் கொஞ்சம் நிறுத்துங்கள்.