வசந்தாவின் மண் வகுப்பும் லயத்து வீடும்

14.3.1984, புதன்

மகள் வசந்தா கோலாலம்பூரில் பானை வனையும் வகுப்பு இரண்டு பார்த்துவிட்டு வந்தாள். ஒன்று ஞாயிறு மட்டும். சாயங்கால பஸ்ஸில் வீடு திரும்பலாம். மற்றது ஆறு மாதம். அங்கேயே தங்கவேண்டும், முடித்தால் பூச்சாடித் தொழிற்சாலையில் வேலை.

“ஞாயித்துக்கிழமையே போ” என்றேன்.

“அது பணக்காரப் பொம்பளைங்க பொழுதுபோக்குக்கு வர்றதும்மா. வேலை கெடைக்காது லா.”

“மண்ணு பிசைய ஆறு மாசமா? ரொட்டி மாவு பிசைய எனக்கு யாரு கிளாஸ் வச்சா?”

“அப்ப நீங்களே வாங்க, வாத்தியாரா சேத்துக்குவாங்க” என்று சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் ரப்பர் தோட்டத்தில் வேலை செய்வதால்தான் இந்த லயத்து வீடு எங்களிடம் இருக்கிறது. அவள் வேலையை விட்டு நின்றால் தோட்டத்துக் கணக்கர் கிராணி வந்து காலி செய்யச் சொல்வார். அடுத்த வீட்டு முனியம்மாவுக்கு வேலை நின்றதும் அவள் சாமான்களை மழையில்தான் வெளியே வைத்தார்கள். வாழ்நாளெல்லாம் பால்மரம் சீவிய எனக்கு இங்கே உரிமை இல்லையாம்.

இதைச் சொன்னால் வசந்தா போகமாட்டாள். அதனால் சொல்லவில்லை. “ஆறு மாசத்துக்கே போய்த் தொலை” என்றேன்.

பிறகு, நான் வேலையில் இருந்தால் வீடு நம்மிடமே இருக்கும் என்று, கங்காணி மண்டோர் வீட்டுக்குப் போய், புல் வெட்ட ஆள் வேண்டுமா என்று கேட்டேன்.

“உங்களுக்கா? கை நடுங்குதே, ஆயா.”

“நடுங்குற கைக்குப் புல்லு வெட்டுப்படாதா?”

அவர் உள்ளே போய்விட்டார். நாளை விடியற்காலை பெரட்டில், பெயர் கூப்பிடும்போது, எல்லாரோடும் போய் நிற்பேன். கூப்பிட்டு முடிக்கும்வரை நகரமாட்டேன். முடித்துவிட்டு மண்டோர் என்னைப் பார்க்காமலே போய்விட்டால் என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.